பயிற்சி இலவசம்தான்... அன்றைய கூலியை யார் தருவது?

காலை ஏழு மணி. சென்னையோ மதுரையோ கோவையோ, எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் ஏதாவது ஒரு முச்சந்தியில் சாப்பாட்டுப் பையோடு ஒரு கூட்டம் நிற்கும். கொத்தனார், சித்தாள், பெயின்டர், மண்வெட்டி வேலைக்கு வந்தவர்கள். மேஸ்திரியோ வீட்டுக்காரரோ வந்து கூப்பிட்டால்தான் அன்றைய வேலை. ஒன்பது மணிக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவர்கள் நிற்கும் சுவரிலேயே சில சமயம் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும். ‘இலவசத் திறன் பயிற்சி. கட்டணம் கிடையாது. முடிவில் சான்றிதழ்.’ அதை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

‘இவங்களுக்கு முன்னேறணும்னு ஆசையே இல்லை’ என்று நம்மில் பலர் சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால், இதே ஆட்களிடம் பேசிப் பாருங்கள். பிள்ளையை எப்படியாவது இன்ஜினீயரிங் படிக்க வைக்க வேண்டும், சொந்தமாக ஒரு கடை போட வேண்டும், இந்தக் கடனை அடைக்க வேண்டும் என்று ஆசைகளை வரிசையாக அடுக்குவார்கள். அப்படியானால் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிக்கு ஏன் போவதில்லை?

ஏனென்றால், அந்தப் பயிற்சி இலவசம் இல்லை. அதன் விலை அன்றைய கூலி.

ஒரு சின்னக் கணக்கு

கட்டட வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, நாள் கூலி 600 ரூபாய், மாதத்தில் 22 நாள் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதப் பயிற்சிக்குப் போனால் அவருக்கு 13,200 ரூபாய் நஷ்டம். பயிற்சி நிலையத்தில் கட்டணம் வாங்கவில்லை, மதியச் சாப்பாடு போட்டார்கள், சீருடைகூடக் கொடுத்தார்கள் என்றாலும் அந்த 13,200 ரூபாய் அவர் கைக்கு வரப்போவதில்லை.

வீட்டு வாடகையும் மளிகைக் கடை பாக்கியும் குழுக் கடனின் வாரத் தவணையும் அந்த மாதம் விடுமுறை எடுத்துக்கொள்ளாது. எனவே அந்தத் தொகையை வெளியில் வாங்க வேண்டும். ‘நூத்துக்கு அஞ்சு வட்டி’ என்று வாங்கினால், மாத வட்டி மட்டும் 660 ரூபாய். அதாவது, மாதத்தில் ஒரு நாள் உழைப்பு முழுவதும் வட்டிக்கே போய்விடும்.

சரி, பயிற்சி முடிந்து கூலி நாளுக்கு 100 ரூபாய் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 2,200 ரூபாய் கூடுதல். அது முழுவதையும் கடனுக்கே கட்டினால், வட்டியோடு அடைந்து முடிய ஏழெட்டு மாதம் ஆகும். அதன் பிறகுதான் பயிற்சியால் கிடைத்த முதல் ரூபாய் அவர் கையில் தங்கும். இடையில் பிள்ளைக்குக் காய்ச்சல், நாலு நாள் மழை, வேலை இல்லாத வாரம் என்று எது வந்தாலும் இந்தக் கணக்கு நீண்டுகொண்டே போகும்.

இதெல்லாம் கூலி கூடினால்தான். கூடவில்லை என்றால்? கையில் ஒரு சான்றிதழும் தலையில் ஒரு கடனும் மிஞ்சும்.

இந்தக் கணக்கை அந்தப் பெண் தாளில் போட்டிருக்க மாட்டார். ஆனால் மனதில் போட்டுவிட்டார். அதனால்தான் போஸ்டரைப் பார்க்காமல் மேஸ்திரி வரும் திசையைப் பார்க்கிறார். அவர் எடுத்தது சோம்பேறித்தனமான முடிவு அல்ல. அவரிடம் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு.

திட்டங்களுக்குப் பஞ்சமா?

இல்லை. 2014-ல் கிராமப்புற இளைஞர்களுக்காகத் தீன் தயாள் உபாத்யாய திட்டம் வந்தது. 2015-ல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ தொடங்கப்பட்டது. கல்லூரிக்கு வெளியே இருக்கும் இளைஞர்களுக்காக 2025 ஜூலையில் ‘வெற்றி நிச்சயம்’ வந்தது. ஐ.டி.ஐ.க்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன.

ஆனாலும், 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை சொல்லும் எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 29 வயது வரையிலானவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம்தான். முறைசாரா வழிகளில், அதாவது வேலையிடத்தில் பார்த்தும் குடும்பத் தொழிலாகவும் தாமாகவும் கற்றுக்கொண்டவர்கள் 16.6 சதவீதம். வகுப்பறையில் கற்றவரைவிட, வேலை செய்துகொண்டே கற்றவர் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. வேலையிடத்தில் கற்றால் கூலி நிற்காது. குறைந்த கூலியாவது கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் ஒரே ‘ஸ்டைபண்டு’.

இன்னொரு சிக்கல் வயது. ‘வெற்றி நிச்சயம்’ 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு. தீன் தயாள் திட்டம் 15 முதல் 35 வரை. பெண்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 45 வரை தளர்வு உண்டு. வேலை தேடும் இளைஞரை மனதில் வைத்தே பெரும்பாலான திட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே இருபது வருஷம் வேலை பார்த்து, நாற்பதைத் தொட்டு, முதுகு வலிக்க ஆரம்பித்த பிறகு ‘வேற வேலைக்கு மாறணும்’ என்று நினைக்கும் தொழிலாளி இந்த வரைபடத்தில் எங்கேயும் இல்லை. அவருக்கு வேலை இருக்கிறது, அதனால் அவர் ‘வேலையில்லாதவர்’ பட்டியலில் வரமாட்டார். அந்த வேலையை வைத்து அவரால் வாழ முடியவில்லை என்பது எந்தப் பட்டியலிலும் வராது.

சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை?

கட்டடத் தொழிலில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். பதினெட்டு வயதில் கையாளாகச் சேரும் பையன் சில வருஷங்களில் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்த பெண், பேரன் பேத்தி எடுத்த பிறகும் சித்தாளாகவே சிமென்ட் சட்டி சுமக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வேலை செய்தார்கள். ஆனால் மதிய இடைவேளையில் ‘இந்தா, நீ கொஞ்சம் பூசிப் பாரு’ என்று கொத்துக்கரண்டியைக் கொடுத்தது பையனிடம். ரசமட்டம் பிடிக்கவும் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கவும் கற்றுத் தந்தது அவனுக்கு. பெண்ணிடம் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை. சித்தாள் கூலிக்கும் கொத்தனார் கூலிக்கும் உள்ள இடைவெளியை ஒரு வாழ்நாள் முழுவதும் பெருக்கிப் பாருங்கள். ஒரு சின்ன வீட்டின் விலை அதில் இருக்கும்.

பெண்களால் அந்த வேலை முடியாதா? ஜார்க்கண்ட் மாநிலத்தில் தூய்மை இந்தியா திட்டத்தின் கீழ் கழிப்பறை கட்ட ஆள் பற்றாக்குறை வந்தபோது, சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கொத்தனார் வேலை கற்றுத் தந்தார்கள். அவர்களுக்கு ‘ராணி மிஸ்திரி’ என்றே பெயர் வந்துவிட்டது. சுவர் எழுப்பியவர்களும் அவர்களே, சம்பளம் வாங்கியவர்களும் அவர்களே. அங்கே பயிற்சியும் வேலையும் தனித்தனியாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கற்றுக்கொண்ட கையோடு கட்டுவதற்கு வேலை காத்திருந்தது.

தொழில் தெரியும், காகிதம் இல்லை

வேலையிடத்திலேயே கற்றுக்கொண்டவர்களுக்கு இன்னொரு பிரச்சினை. கையில் வித்தை இருக்கும், காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. பதினைந்து வருஷம் வயரிங் செய்த எலக்ட்ரீஷியனைப் பெரிய நிறுவனம் வேலைக்கு எடுக்காது. ‘சர்டிஃபிகேட் இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி.

இதற்காகவே ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற முறை வந்தது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இது ஒரு பகுதி. ஏற்கெனவே தொழில் தெரிந்தவரை மாதக்கணக்கில் உட்கார வைக்காமல், சில நாள் பயிற்சியும் ஒரு மதிப்பீடும் நடத்திச் சான்றிதழ் தருவார்கள். கூலி இழப்பு குறைவு என்பதால், வேலையில் இருப்பவர்களுக்கு இதுவே பொருத்தமான வழி.

ஆனால் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சான்றிதழைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டினால் என்ன நடக்கும்? ‘நல்லது, பத்திரமா வச்சுக்கோ’ என்பார். கூலி பழைய கூலிதான். சான்றிதழுக்குச் சந்தையில் விலை இல்லாவிட்டால் அது வீட்டுப் பெட்டியில் ரேஷன் கார்டுக்குக் கீழே கிடக்கும் இன்னொரு காகிதம்.

விலை வர வைக்க முடியும். குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கும்போதே பயிற்சி அற்றவர், ஓரளவு பயிற்சி பெற்றவர், திறன் பெற்றவர் என்று பிரித்து ஊதியம் வைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் தொழிலாளரின் திறனைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. எனவே, அரசு கட்டும் பாலங்களிலும் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் ‘சான்றிதழ் பெற்றவருக்குத் திறன் பெற்றோர் ஊதியம் தர வேண்டும்’ என்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே வைக்கலாம். அரசுதான் மிகப் பெரிய கட்டட முதலாளி. அது தான் அச்சிட்ட சான்றிதழையே மதிக்கவில்லை என்றால் மேஸ்திரி ஏன் மதிக்கப்போகிறார்?

கூலி கொடுத்துப் பயிற்சி: இது புதுசா?

‘பயிற்சியும் கொடுத்து, கூலியும் கொடுக்கணுமா?’ என்று கேட்கலாம். அரசுகள் இந்தக் கொள்கையை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டன. சின்ன அளவில் செய்கின்றன, அவ்வளவுதான். மூன்று உதாரணங்கள்:

* 100 நாள் வேலைத் திட்டத்தின் கீழ் 2019-ல் ‘உன்னதி’ வந்தது. நூறு நாள் வேலையை முடித்த குடும்பத்தில் ஒருவருக்குத் தொழிற்பயிற்சி. பயிற்சி நாட்களுக்கு அந்தத் திட்டத்தின் கூலிக்கு இணையான தொகை. ஆனால் இலக்கு நாடு முழுவதற்கும் 2 லட்சம் பேர். அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்களோ கோடிக்கணக்கில்.

* 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய்.

* தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் தன்னிடம் பதிவு செய்தவர்களுக்குப் பயிற்சி தந்து, வேலை இழப்புக்கு ஈடாக நாளொன்றுக்கு 800 ரூபாய் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது.

மூன்றாவதைக் கவனியுங்கள். மேலே நாம் போட்ட கணக்கு இதில் தலைகீழாகிறது. பயிற்சிக்குப் போனால் நஷ்டம் இல்லை என்ற நிலை வந்தால், அதே பெண் போஸ்டரைப் படிக்க ஆரம்பிப்பார்.

இரண்டாவதில் ஒரு பாடம் இருக்கிறது. விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலை அடிப்படையாக வைக்கிறது என்று சொல்லித் தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. அப்பன் தொழிலுக்கே மகனைத் திருப்பி அனுப்பும் பயிற்சியாக அது ஆகிவிடக் கூடாது என்பது வாதம். பதிலாக, சாதி, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் 25 தொழில்களுக்குக் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ வந்தது. அதில் குறைந்தபட்ச வயது 35. படிக்க வேண்டிய வயதுப் பிள்ளை படிப்பை விட்டுக் கைத்தொழிலுக்குள் தள்ளப்படக் கூடாது, அதே நேரம் தொழிலில் ஊறியவருக்கு உதவி கிடைக்க வேண்டும் என்ற நோக்கம் அதில் தெரிகிறது. பயிற்சி என்பது ஏணியாக இருக்க வேண்டும். இருக்கும் இடத்திலேயே கட்டிப்போடும் கயிறாக இருக்கக் கூடாது. யார் திட்டம் என்ற அரசியலைத் தாண்டி, எந்தப் பயிற்சித் திட்டத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002-ல் மிக ஏழ்மையான குடும்பங்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. ஆடு, மாடு, கோழி மாதிரி வருமானம் தரும் ஒரு சொத்து, அதை வைத்துப் பிழைக்கப் பயிற்சி, சேமிப்புக்கு வழி, வீடு தேடி வந்து ஆலோசனை. இவற்றோடு, வருமானம் வரத் தொடங்கும்வரை சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை. இதே மாதிரியை இந்தியா, எத்தியோப்பியா, கானா, பாகிஸ்தான், ஹோண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் ஆராய்ந்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் பங்கேற்ற அந்த ஆய்வு 2015-ல் வெளியானது. உதவி நின்று ஒரு வருஷம் கழித்தும் அந்தக் குடும்பங்களின் நிலை மற்றவர்களைவிட மேம்பட்டே இருந்தது.

சாப்பாட்டுக்குக் கொடுத்த அந்தச் சிறு தொகை வேண்டாத செலவு அல்ல. அது இல்லாவிட்டால் பசிக்கு ஆட்டை விற்றுவிடுவார்கள்.

சரி, பணத்துக்கு எங்கே போவது?

கட்டடத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை, பணம் ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருக்கிறது. 1996-ல் வந்த சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாட்டின்படி, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கான தீர்வையாக வசூலிக்கப்படுகிறது. நீங்கள் வாங்கிய அடுக்குமாடி ஃபிளாட்டின் விலையிலும் அந்த ஒரு சதவீதம் ஒளிந்திருக்கிறது.

அந்தப் பணம் என்ன ஆனது? 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருந்தது. தொழிலாளர்களுக்குச் செலவானதோ சுமார் 9,500 கோடி. நான்கில் ஒரு பங்கு! மீதி எங்கே என்று மாநிலங்களைப் பார்த்து நீதிமன்றம் கடுமையாகக் கேட்டது. அதன் பிறகு நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் மாறியிருக்கிறது. ஆனாலும், ‘காசு இல்லை’ என்பது இந்தத் துறையில் எடுபடாத சாக்கு என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி.

தொழிற்சாலைகளுக்கு வேறு வழி உண்டு. 1961 தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். பழகுநருக்கு உதவித்தொகை உண்டு. அதில் 25 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016-லிருந்து இருக்கிறது. வேலை, கற்றல், பணம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால் ஏழைத் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை இல்லை.

‘பயிற்சி’ என்ற பெயரில் ஏமாற்று வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை மறக்க முடியாது. கிராமத்துப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். பலரைக் கணக்கில் ‘பயிற்சியாளர்’ என்றே காட்டினார்கள். இயந்திரத்தை முழு நேரம் ஓட்டியவருக்குப் பயிற்சியாளர் சம்பளம். இடையில் உடம்புக்கு முடியாமல் வெளியேறினால் மொத்தத் தொகையும் போச்சு.

எனவே ‘வேலையோடு பயிற்சி’ என்றாலே நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பயிற்சிக்கு முடிவுத் தேதி உண்டா? பணம் மாதாமாதம் கைக்கு வருகிறதா? பாதியில் விட்டுப் போக உரிமை உண்டா? இந்த மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அது பயிற்சி அல்ல, மலிவு உழைப்பு.

சம்பளம் கூடினால் மட்டும் போதுமா?

கூடுதலாக வந்த பணம் கையில் தங்க வேண்டும். அங்கேதான் படிப்பு வருகிறது. பள்ளிப் படிப்பைச் சொல்லவில்லை, கணக்குத் தெரிவதைச் சொல்கிறோம்.

‘அஞ்சு வட்டி’ என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். அது மாதத்துக்கு ஐந்து. வருஷத்துக்கு 60 சதவீதம். ‘பத்து வட்டி’ என்றால் 120 சதவீதம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. கடன் வசூல் அடாவடிக்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆனால் வாங்கும்போதே வருஷக் கணக்குப் போடத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு தனி.

அதேபோல, வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் வருஷம் 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு என்பது எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்? சாரத்தில் ஏறி நிற்பவருக்கு இது டீ, வடை செலவு. அவர் விழுந்தால் அந்தக் குடும்பம் எத்தனை வருஷம் பின்னோக்கிப் போகும் என்பதை யோசித்தால், தொழிற்பயிற்சியின் முதல் நாள் வகுப்பிலேயே இந்தப் படிவத்தை நிரப்ப வைக்க வேண்டும்.

கற்றலையும் பிழைப்பையும் சேர்த்துக் கட்டுவது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யாரையும் கூட வரச் சொல்லாமல், விளைந்ததை விற்கவும் வேலைக்குப் போகவும் அவர்களால் முடிந்தது. கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கே கல்குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் கற்றவர்களுக்கு, அந்தக் கணக்கைப் பார்க்க ஒரு குவாரியும் இருந்தது.

என்ன செய்ய வேண்டும்?

அரசிடம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, வேலையில் இருக்கும் குறைந்த வருமானத் தொழிலாளிக்குப் பயிற்சி என்றால், அன்றைய கூலியைச் சேர்த்தே திட்டச் செலவைக் கணக்கிட வேண்டும். கட்டுமான வாரியத்தின் நாள் தொகை முறையை வீட்டு வேலை, தையல், சுமைப் பணி என்று மற்ற அமைப்புசாராத் தொழில்களுக்கும் விரிக்க வேண்டும்.

இரண்டாவது, வயது வரம்பு. நாற்பது வயதில் ஒருவருக்கு இன்னும் இருபது வருஷ உழைப்பு மிச்சம் இருக்கிறது. உடல் தேயத் தொடங்கும் அந்த வயதில்தான் சுமக்கும் வேலையிலிருந்து மேற்பார்வைக்கும் இயந்திர வேலைக்கும் மாற அவருக்குப் பயிற்சி தேவை.

மூன்றாவது, சான்றிதழுக்கு விலை. அரசு ஒப்பந்தங்களில் திறன் சான்றிதழ் பெற்றவருக்கு அதற்குரிய ஊதியம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, பெண்களுக்கு மாலை வகுப்பும் குழந்தைகள் காப்பகமும். 2021-ல் வந்த கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம், பயிற்சி நிலையத்துக்குப் போகும் செலவைக் குறைத்தது. ஆனால் கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவரை, அந்த பஸ்ஸில் அவர் ஏற மாட்டார்.

‘காசு கொடுத்தா காசுக்காக மட்டும் வந்து உட்காருவாங்க’ என்ற ஆட்சேபம் வரும். சிலர் வரத்தான் செய்வார்கள். அதற்கு வருகைப் பதிவும் முடிவில் ஒரு செய்முறைத் தேர்வும் போதும். நம் கம்பெனிகளில் ‘டிரெயினிங்’ நடக்கும் நாட்களில் நமக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் என்பது நமக்கு உரிமை, சித்தாளுக்கு மட்டும் சலுகையா?

நம் பங்கு என்ன?

இதைப் படிக்கும் பலர் மாதச் சம்பளக்காரர்கள். நம் வீட்டில் வேலை செய்யும் அக்கா, குடியிருப்பின் காவலாளி அண்ணா, சாப்பாடு கொண்டுவரும் தம்பி என்று இந்தக் கட்டுரையில் பேசப்படுபவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

நம்மால் ஆவது கொஞ்சம்தான், ஆனால் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-லிருந்தும், செயலி வழி வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கு 2023-லிருந்தும் தனி நல வாரியங்கள் உள்ளன. பதிவு செய்ய அரை மணி நேரமும் ஒரு செல்போனும் சில ஆவணங்களும் தேவை. அந்த அரை மணி நேரம் உட்கார்ந்து உதவலாம். 20 ரூபாய் காப்பீட்டுக்கு வங்கியில் எந்தப் படிவம் என்று காட்டித் தரலாம். தையல் வகுப்புக்கோ, கணினி வகுப்புக்கோ, பத்தாம் வகுப்பைத் தனித் தேர்வராக எழுதவோ ஆசைப்படுகிறார் என்றால், அந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் இருக்கலாம். அரசு செய்ய வேண்டிய அதே வேலையை ஒரு வீட்டு அளவில் நாம் செய்கிறோம் என்று அர்த்தம்.

பொருளாதாரச் சுதந்திரம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோம். முச்சந்தியில் நிற்பவருக்கு அதன் அர்த்தம் எளிமையானது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் அன்று இரவு அடுப்பு எரிய வேண்டும். அந்த ஒரு நாள் அவர் கையில் இருந்தால்தான் எதையும் கற்றுக்கொள்ள முடியும்.

அடுத்த முறை ‘இலவசத் திறன் பயிற்சி’ போஸ்டரைப் பார்த்தால், கடைசி வரிவரை படித்துப் பாருங்கள். அன்றைய கூலி எவ்வளவு தருவார்கள் என்று எழுதியிருந்தால், அந்தப் போஸ்டர் முச்சந்தியில் நிற்பவருக்காக ஒட்டப்பட்டது.